மறுமொழி: ஹேக்கிங் செகண்ட்ஸ், தமிழ்ல என்ன வைக்கலாம்?

வணக்கம் எல்லாருக்கும்,

மூணு நாளா, வாட்சுல செக்கன் முள்ள நிப்பாட்டுற 'ஹேக்கிங் செகண்ட்ஸ்' வசதிக்கு தமிழ்ச் சொல் தேடுற இந்த இழைய வாசிக்க மட்டும்தான் முடிஞ்சுது, பண்டாரவளையில ஒரே மழை, கரண்ட் வேற வர்றதும் போறதுமா இருக்கு. நான் மொழி படிச்சவன் இல்ல, வாட்ச் ரிப்பேர் பண்றவன், அப்பா காலத்து சின்னக் கடை. பிழை இருந்தா சேர்மார் திருத்துங்க.

ஹட்டன் அண்ணே எழுதியிருந்தது:

> விமானி வாட்ச் பத்தின கட்டுரையில வர்ற ஹேக்கிங் செகண்ட்ஸுக்கு 'காலவொத்திசைவு நிறுத்தற் பொறிமுறை' பொருந்தும்.

அண்ணே கோவிச்சுக்காதீங்க, இந்தச் சொல்ல ஒருக்கா சொல்லி முடிக்கிறதுக்குள்ள செக்கன் முள்ளு அஞ்சாறு கோடு தாண்டிப் போயிரும். நிறுத்துறதுக்குன்னு வச்ச சாமானுக்கு இம்புட்டு நீளம் ஆகாது.

சாமான் என்னன்னு முதல்ல சொல்லிர்றேன், ஏன்னா இழையில பாதிப்பேரு இத ஸ்டாப்வாட்சோட குழப்பிக்கிட்டாங்க. ரெண்டும் வேற. வாட்சுக்கு சாவி குடுக்கிற குமிழ் இருக்கில்ல, அதையே சாவின்னும் சொல்லுவோம், அத வெளிய இழுத்தா மணிய திருப்பலாம், பழைய வாட்சுல அப்பவும் செக்கன் முள்ளு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஹேக்கிங் உள்ளதுல இழுத்த உடனே முள்ளு நின்னுரும், அமுக்கினா திரும்ப ஓடும். வளைகுடா போய் வந்த ஆளுங்க கையில எல்லாம் இருந்த செய்கோ 5 ஞாபகம் இருக்கா, அதுல 7எஸ்26 மெஷின் போட்டதுல இது கிடையாது, பிறகு வந்த 4ஆர்36ல உண்டு. வித்தியாசம் இழுத்துப் பாத்தாலே தெரியும்.

இது ஏன் விமானிக்கு வேணும்? அந்தக் காலத்துல வானத்துல போறவனுக்கு தான் எங்க நிக்கிறோம்னு தெரிஞ்சுக்க சூரியன், நட்சத்திரம், கையில மணி, இதெல்லாம் பெரிய துணை. பூமி ஒரு மணித்தியாலத்துக்கு 15 பாகை சுத்துது, அப்ப மணி 4 செக்கன் பிசகினா பூமத்திய ரேகைக்கிட்ட ஒரு கடல் மைல் பிசகிரும். நம்ம இலங்கை அந்த ரேகைக்கு பக்கத்துல தானே. 1942 ஏப்ரல் 4ஆம் தேதி கொக்கலையில இருந்து போன கட்டலினா விமானம் ஜப்பான் கப்பல்படைய தெக்கு கடல்ல கண்டுச்சு, கண்டா மட்டும் போதாது, அது எந்த இடத்துல நிக்குதுன்னு செய்தி அனுப்பணும், அனுப்பினாங்க, அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு கொழும்புல குண்டு விழுந்துச்சு. இந்த மாதிரி வேலைக்கு மணி ஒத்திருக்கணும். விமானம் ஏற முந்தி எல்லாரும் சேந்து நின்னு சாவிய இழுத்து முள்ள 12ல நிப்பாட்டி வச்சுக்குவாங்க, ஒருத்தரு மூணு ரெண்டு ஒண்ணுன்னு எண்ணி 'ஹேக்'னு சொல்ல, எல்லாரும் ஒரே நேரம் அமுக்குவாங்க. ஜெர்மன்காரன் அதே போர்ல விமானத்துல வழி கணக்குப் பாக்கிறவனுக்கு செஞ்ச பி-ஊர்ங்கிற வாட்ச் 55 மில்லிமீட்டர் அகலம், ஜாக்கெட்டுக்கு மேல கட்டணும்னு நீள வார், கையுறையோட திருப்ப வெங்காயம் மாதிரி பெரிய சாவி, அதுலயும் இந்த நிப்பாட்டுற வசதி இருந்துச்சு. இப்ப வர்ற டைட்டேனியம் விமானி வாட்சுங்கள்ல நிறைய அந்த முகத்த வச்சுத்தான் பொழைக்குது, 12ல முக்கோணமும் ரெண்டு புள்ளியும் பாத்தீங்கன்னா அது அங்கருந்து வந்தது.

சரி, சொல்லுக்கு வர்றேன். இந்தச் சொல் நான் யோசிச்சது இல்ல. போன கிழமை ஒரு பெரியவரு வந்தாரு, தோட்டத்துல கணக்கப்பிள்ளையா இருந்து ஓய்வு எடுத்தவரு, மக கட்டார்ல இருந்து அனுப்பின வாட்ச், டைட்டேனியம் தான். மேசையில வச்சிட்டு அவரு கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எடையே இல்லையே, இது டூப்ளிகேட்டா?" இல்ல ஐயா, இரும்பு 8 கிராம் நிக்கிற இடத்துல இது நாலரை தான் நிக்கும், புல்மோட்டை கடற்கரையில கறுப்பு மண்ணு அள்ளுறாங்களே, இல்மனைட்டு, அதுக்குள்ள இருக்கிற உலோகம் தான்னு சொன்னேன். அவரு நம்பல. பிறகு ஒரு ஸ்டீல் வாட்ச எடுத்து ரெண்டையும் மணிக்கட்டுல வச்சுக் காட்டினேன், காலைப் பனியில ஸ்டீல் சுரீர்னு குத்துச்சு, மத்தது அப்படி இல்ல, அது உடம்புச் சூட்ட அவசரப்பட்டு இழுக்காது. அப்பதான் மூஞ்சி தெளிஞ்சுது. அந்த வாட்ச் பின்மூடிய ஏற்கனவே எங்கயோ திறக்கப் போய் மரைய கடிக்க விட்டிருக்காங்க, டைட்டேனியம் மரை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கும், பொறுமை வேணும். எனக்கு ஒரு முழு மத்தியானம் போச்சு.

மூடி திறந்த பிறகு அவருக்கு லூப்ப, கண்ணுல வைக்கிற பூதக்கண்ணாடிய, குடுத்து உள்ள காட்டினேன். வாட்ச் ஓட்டத்துக்கு தாளம் போடுற பேலன்ஸ் வீல் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆடுது. சாவிய இழுத்தேன், முடி மாதிரி மெல்லிசா ஒரு தகடு வந்து வீல் விளிம்புல சாஞ்சுது, வீல் நின்னுச்சு. பெரியவரு கண்ண எடுக்காமலே சொல்றாரு, "அட, தேருக்கு முட்டு வைக்கிற மாதிரில்ல இருக்கு".

எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் தேவைப்படல. நம்ம தோட்டத்துக் கோயில் தேரு ஏத்த இறக்க ரோட்டுல வரும்போது சில்லுக்கு கீழ கட்டைய சொருகிறவரு இருப்பாரில்ல, கால நசுங்கக் குடுக்காம, சத்தம் போட்டுக்கிட்டு. அந்த வேலையே தான். அதனால என் முன்மொழிவு: நொடிமுட்டு. வாட்சுல நொடிமுட்டு இருக்கு, இல்ல. முட்டு போடு, முட்டு எடு. அந்த மெல்லிசு தகடு முட்டுத்தகடு. முடிஞ்சுது.

பதுளை தங்கச்சி நேத்தே ஒரு ஆட்சேபம் போட்டிருந்திச்சு, அப்ப பேச்சுல இருந்தது 'நொடிக்கட்டை':

> கட்டைன்னாலே முட்டுக்கட்டை தான் ஞாபகம் வருது, தடைங்கிற கெட்ட அர்த்தம் ஒட்டிக்கும்.

உண்மை தங்கச்சி, அதான் கட்டைய விட்டுட்டேன். முட்டு மட்டும்னா தாங்கிப் பிடிக்கிறதும் வரும், மோதி நிக்கிறதும் வரும், ரெண்டுமே அந்தத் தகடு செய்யிற வேலை.

மட்டக்களப்பு சேர் கேட்டது இன்னும் நியாயம். பள்ளிக்கூடப் புத்தகத்துல செக்கன் தானே, நொடி இந்தியச் சொல் இல்லையான்னு. சேர், நானும் ஒட்சிசன், செக்கன்னு படிச்சவன் தான், வாயிலயும் செக்கன் தான் வருது. செக்கன்முட்டுன்னும் எழுதிப் பாத்தேன், எங்கயோ முழங்கால் இடிச்ச மாதிரி கேக்குது. வினாடிய எடுக்கவே முடியாது, பழைய கணக்குல 60 வினாடி ஒரு நாழிகை, அப்ப ஒரு வினாடி 24 செக்கன், முள்ளு ஓடுற கணக்கு அது இல்ல. நொடி விரல் சொடுக்கிற நேரம், மாத்திரைக்கே அந்த அளவ தான் சொல்றாங்க, அது இந்தியாவுக்கு மட்டும் சொந்தம்னு நான் நினைக்கல. அதோட பேலன்ஸ் ஒவ்வொருக்கா ஆடும்போதும் ஒரு சொடுக்குச் சத்தம் கேக்குது, காதுல வச்சுப் பாருங்க.

ஹேக்கிங்கையே அப்படியே வச்சுக்கலாம்னு எழுதினவருக்கும் ஒரு வரி. எனக்கு கடன் சொல்லு மேல வெறுப்பு இல்ல, பரேட்ட பெரட்டு ஆக்கி, தோட்டத்துல காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்த பெரட்டுக்களம்னு நம்ம பாட்டன் பூட்டன் நம்ம சொல்லாவே ஆக்கிட்டாங்க, டயல், பேலன்ஸ், லூப் நானும் அப்படியே தான் சொல்றேன். ஆனா ஹேக்கிங்னு இன்னைக்கு ஒரு பொடியன்கிட்ட சொன்னா பேஸ்புக் கணக்கு போயிருச்சான்னு கேக்குறான்.

சொற்பட்டியல்ல ஏத்துறதுன்னா சேத்து எழுதுங்க, நொடிமுட்டு, நடுவுல இடம் விட்டா ரெண்டு சாமான்னு நினைச்சுக்குவாங்க. ஸ்டாப்வாட்ச் வச்ச வாட்சுங்கள்ல வர்ற ஃப்ளைபேக்குக்கு 'மீள்பறப்பு' வேணாம், அங்க ஒண்ணும் பறக்கல, ஒரே அமுக்குல முள்ளு பூச்சியத்துக்கு வந்து நிக்காம திரும்ப ஓடுது. அதுக்கு எனக்கு சொல்லு கிடைக்கல. பெரியவரு சனிக்கிழமை வாட்ச எடுக்க வருவாரு, அவர்கிட்டயே கேட்டுட்டு எழுதுறேன்.