மூணு வயசும் அஞ்சு வயசும் ஒரே அறையில்: உங்கள் பிள்ளைக்கு எப்படி இருந்தது?

ஏற்காடு அம்மா:

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் எஸ்டேட் வேலை. காப்பிப்பழம் பறிப்பு ஆரம்பித்துவிட்டால் பிள்ளைக்கு அங்கன்வாடிதான் கதி. அங்கே ஒரே அறை. மூக்கு ஒழுக நிற்கிற குட்டிகளும் உண்டு, அடுத்த ஜூனில் ஒண்ணாம் வகுப்புக்குப் போகப்போகிற பெரிய மனுஷர்களும் உண்டு. "சின்னதுகளோட சேர்ந்தா இவனும் சின்னப்புள்ளையாவே இருந்துடுவான்" என்பது என் மாமியாரின் கவலை.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் பறிப்பு பாதியில் நின்றுவிட்டது. பையனைக் கூட்டிவரச் சீக்கிரமே போனேன். தரையில் சாக்பீஸ் வட்டம், அதற்குள் புளியங்கொட்டைகள். எதிரே மூணு வயசுப் பாப்பா ஒன்று எண்ணிக்கொண்டிருந்தது. வாய் ஒன்று, ரெண்டு என்று ஓடுகிறது, விரல் முதல் கொட்டையை விட்டு நகரவே இல்லை. என் பையன் அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு கொட்டையாக வட்டத்துக்கு வெளியே தள்ள வைத்தான். தள்ளும்போதுதான் எண் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். அவள் ஒரு கொட்டைக்கு எண் சொல்லாமல் தாவிவிட்டாள். அதைத் திரும்ப உள்ளே உருட்டிவிட்டு, "இது இன்னும் வெளிய வரல பாப்பா" என்றான். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

இவன் வீட்டில் இருபது வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பவன். ஆனால் எட்டு தக்காளி எடுத்துவா என்றால் கைக்கு அடங்கியதை அள்ளிக்கொண்டு வருவான். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்த்தான் இவனுக்கே எண்ணிக்கை பிடிபட்டது என்று நினைக்கிறேன். இப்போது எட்டு கேட்டால் எட்டு வருகிறது. டீச்சர் அவர்கள் பக்கம் வாயே திறக்கவில்லை, ஒரு வாண்டு கொட்டையை வாயில் போடப் போனபோது மட்டும் பாய்ந்து வந்தார்.

சேலம் குகைப் பகுதி டீச்சர் (ஓய்வு):

பாய்ந்துதான் ஆகணும்! புளியங்கொட்டை, மணி எதுவானாலும் மூணு வயசுக்குக் கீழே இருப்பவர்களிடம் நான் கொடுக்கவே மாட்டேன். அவர்களுக்குத் தேங்காய்த் தொட்டியும் காலி டப்பாவும் போதும்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. பெரும்பாலான இடங்களில் ஒரே அறை, ஒரே பணியாளர், ஒரு உதவியாளர், அவ்வளவுதான். குழந்தைக் கல்விக்குப் பேர்போன மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமில் தொடங்கிய பள்ளியில் வயது கலந்து உட்காரவைத்ததை, நாம் வேறு வழியில்லாமல் செய்தோம். பலன் ஒன்றுதான். மாண்டிசோரி பேரில் கட்டணம் வாங்கும் சில பள்ளிகள் வயது வாரியாகப் பிரித்துப் பூட்டிவைப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் சும்மா விட்டால் போதும் என்று நினைக்காதீர்கள் தாயி. விட்டால் பெரியவன்தான் என்றைக்கும் டிரைவர், சின்னவன் என்றைக்கும் கடைசி சீட்டு. எங்களுக்கு "ஆடிப் பாடி விளையாடு பாப்பா" என்று மாதம் ஒரு தலைப்போடு பாடத்திட்டம் உண்டு. வண்டி வாகனம் பற்றிப் பேசும் நாட்களில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பஸ் விடுவோம். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எல்லாரும் ஒருபக்கம் சாய்ந்து எண்ண வேண்டும். ஒருத்தி தவறாமல் பத்தாவது வளைவில் வாந்தி எடுப்பதுபோல நடிப்பாள், அவளுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு டாக்டர் வேறு. டிரைவர் இடத்தை விடவே மாட்டான் என்று தெரிந்தால் நான் பயணியாக ஏறிக்கொண்டு, "அண்ணே, டீ குடிக்க நிறுத்துங்க" என்பேன். அவன் இறங்கியதும் ஒரு குட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிடும். சண்டை வரும், வரட்டும். அதைப் பேசித் தீர்ப்பதும் பாடம்தானே.

பெரிய பிள்ளைகளுக்கென்று தனி நேரமும் வேண்டும். சாப்பிட்டுக் குட்டிகள் தூங்கியதும் கதை, புதிர், எழுத்து அட்டை எல்லாம் அவர்களுக்கு மட்டும்.

சிவதாபுரம் அப்பா:

எல்லாம் சரிங்க டீச்சர், எழுத்து எப்போ வரும் என்பதுதான் எங்கள் தெருவில் கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்கேஜியிலேயே நாலு வரி எழுதுகிறது. எங்கள் மகள் ஒண்ணாம் வகுப்புக்குப் போகும்போது தன் பேரைக்கூட எழுதத் தெரியாது. எங்களுக்கு வீட்டிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கன்வாடியிலும் அவள் பட்டறைதான் நடத்தியிருக்கிறாள். பப்பாளித் தண்டு ஊதுகுழல், சின்னப் பையன்கள் வேலையாள், பூந்தண்டைக் கிள்ளிக் கிள்ளிக் கோத்தால் கொலுசு. ஒழுங்காகக் கோக்காதவனுக்குக் கூலி கிடையாது, சம்பளமாக இலைதான், அதுவும் எண்ணித்தான் கொடுப்பாளாம்.

கிள்ளிக் கோத்த விரலுக்குப் பென்சில் பிடிப்பது பெரிய வேலையாக இல்லை. காலாண்டுப் பரீட்சைக்குள் எழுத்து வந்துவிட்டது. சின்ன 'ர' எங்கே, பெரிய 'ற' எங்கே என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். அது எனக்கும் உண்டு, அங்கன்வாடியைக் குறை சொல்ல முடியாது.