பெரியப்பாவுக்குக் கோபமே வர மாட்டேன் என்கிறது: சிம்ஸ் 4-இல் குணங்கள் உண்மையில் வேலை செய்கின்றனவா?

சமாதானபுரத்துக்காரி

ஆட்களைப் படைத்து, வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிற சிம்ஸ் 4 கணினி விளையாட்டின் அடிப்படைப் பகுதியை 2022 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டார்கள் என்று தோழி சொல்லித்தான் ஆரம்பித்தேன். காசு கொடுத்து வாங்குகிற கூடுதல் பேக் எதுவும் என்னிடம் இல்லை. செமஸ்டர் விடுமுறையில் வேறு வேலை இல்லாததால் திருநெல்வேலி டவுனில் உள்ள எங்கள் பழைய வீட்டையே அதற்குள் கட்டிவிட்டேன். தார்சா (முன்திண்ணை), பட்டாசல் (கூடம்), அடுக்களை, பின்னால் முற்றம் என்று நீளவாக்கில் அப்படியே வந்திருக்கிறது. ஒரு குடும்பத்தில் 8 பேருக்கு மேல் வைக்க விடாது என்பதால் சித்தப்பா வீட்டாரைச் சேர்க்க முடியவில்லை. அதற்கே சித்தி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிரச்சினை குணங்களில்தான். ஆச்சிக்கு நீட் (சுத்தக்காரி), லோனர் (தனிமை விரும்பி), க்ளூமி (சோக சுபாவம்) என்று மூன்றையும் யோசித்துக் கொடுத்தேன். நிஜ ஆச்சி விடியுமுன் வாசல் தெளித்து முடித்துவிடுவாள், வீட்டுக்கு யாராவது வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவாள், வந்தவர்கள் கிளம்பின பிறகுதான் வெளியே வருவாள். பெரியப்பாவுக்கு ஹாட் ஹெடெட் (முன்கோபி). சொதிக்கு இஞ்சித் துவையல் இல்லை என்றால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிற ஆள்.

விளையாட்டில் நடப்பது என்ன தெரியுமா? ஆச்சி ஸ்டீரியோ முன்னால் ஆடுகிறாள். சாப்பிட்ட தட்டைக் குளியலறைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். பெரியப்பா காலையிலிருந்து ராத்திரி வரை பச்சைப் பசேல் என்று (சந்தோஷத்துக்கு அதில் பச்சை நிறம்) சந்தோஷமாக இருக்கிறார். இந்தக் குணம் எல்லாம் பெயருக்குத்தானா, அல்லது ஏதாவது அமைப்பை மாற்ற வேண்டுமா?

ஜங்ஷன் அண்ணாச்சி

தங்கச்சி, ரெண்டு விஷயம் சொல்லுங்கள். பட்டாசலில் என்னவெல்லாம் மாட்டி வைத்திருக்கிறீர்கள்? ஆட்களை அவர்கள் போக்கில் விடுகிறீர்களா, அல்லது ஒவ்வொருத்தருக்கும் நீங்களே வேலை சொல்லிக்கொண்டு இருக்கிறீர்களா?

சமாதானபுரத்துக்காரி

பட்டாசல் முழுக்க ஓவியம், பூச்சாடி, நல்ல விளக்கு. காசு வருகிற சீட் (குறுக்குவழிக் கட்டளை) போட்டிருக்கிறேன், அதனால் எல்லாம் விலை கூடினதுதான் 😅. வேலை நான்தான் சொல்கிறேன் அண்ணாச்சி. விட்டால் ஆளாளுக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ஜங்ஷன் அண்ணாச்சி

நினைத்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், கடையில் இன்றைக்குக் கூட்டமும் இல்லை.

முதலில் பெரியப்பா. சிம்ஸ் 4-இல் ஒருத்தருக்கு ஒரு நேரத்தில் பல உணர்ச்சிக் குறிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. எந்த உணர்ச்சியின் கூட்டுத்தொகை அதிகமோ அதுதான் மேலே தெரியும். ஹாட் ஹெடெட் ஆளுக்கு அவ்வப்போது கோபக் குறி வரும், வரவில்லை என்று இல்லை. ஆனால் அழகான அறைக்குள் நின்றாலே சந்தோஷக் குறி ஏறும். நல்ல சாப்பாட்டுக்கு இன்னொன்று, நல்ல தூக்கத்துக்கு இன்னொன்று. நீங்கள் பட்டாசலை ஜவுளிக்கடை மாதிரி ஜோடித்து வைத்திருக்கிறீர்கள், அந்த மனுஷர் எங்கே கோபப்படுவார்? ஆச்சியின் க்ளூமிக்கும் இதே கதிதான், சோகக் குறி அடியில் மூழ்கிக் கிடக்கும். ஓவியங்களைக் கழற்றி இருப்பில் போடுங்கள். இந்த விளையாட்டில் எல்லாரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் புலம்புகிறார்கள், பாதிக் காரணம் சுவரில் தொங்குகிறது.

அடுத்து ஆச்சியின் லோனர். அந்தக் குணம் தனியாக இருந்தால் சந்தோஷம் தரும், அறிமுகம் இல்லாதவர் பக்கத்தில் வந்தால் படபடப்புத் தரும். உங்கள் வீட்டில் இருக்கிற மற்ற ஏழு பேரும் அவளுக்கு வேண்டியவர்கள். யாரைப் பார்த்துப் படபடப்பாள்? தனியாக இருக்கவும் நீங்கள் விடவில்லை. வாசலுக்கு ஆள் வந்தால்தான் அந்தக் குணம் கண்ணில் படும்.

இனி இது எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். 2000-இல் முதல் சிம்ஸ் வந்தபோதே அதை உருவாக்கிய வில் ரைட் கூட்டம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஆளுக்குள் மூளை வைக்காமல் பொருட்களுக்குள் வைத்தார்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நாலு பக்கமும் டீ, முறுக்கு, அல்வா என்று கூவுகிறார்கள் பாருங்கள், அதே சங்கதிதான். குளிர்சாதனப் பெட்டி "என்னிடம் வந்தால் பசி தீரும்" என்று கூவும், கட்டில் "தூக்கம்" என்று கூவும், டிவி "பொழுதுபோக்கு" என்று கூவும். முதல் சிம்ஸில் பசி, சௌகரியம், சுத்தம், கழிப்பறை, தெம்பு, பொழுதுபோக்கு, பேச்சுத்துணை, அறையின் அழகு என்று 8 தேவைகள். ஒரு தேவை எவ்வளவு காலியோ, அதைத் தீர்க்கிற பொருளின் குரலுக்கு அவ்வளவு மதிப்பு. தூரத்தில் இருந்தால் குரல் தேயும். குணம் இந்த மதிப்பைக் கூட்டும் அல்லது குறைக்கும்: சுத்தக்காரனுக்குக் குப்பை பெரிய குரலில் கேட்கும், சோம்பேறிக்குக் கேட்கவே கேட்காது. கடைசியில் மேலே வந்த சிலவற்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்வார்கள். எப்போதும் முதலாவதையே எடுத்தால் பொம்மை மாதிரி தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு. சிம்ஸ் 4-இல் தேவைகள் ஆறாகச் சுருங்கிவிட்டன, உள்ளே நிறைய மாறியும் விட்டது. ஆனால் அடிப்படை இதுதான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பசியிலோ தூக்கத்திலோ இருக்கிற ஆளுக்குக் குணம் கிடையாது. ஆச்சி தூக்கத்தில் சொக்கிக் கிடந்தால் நீட் ஆக இருந்தாலும் தட்டை எங்கேயாவது வைத்துவிட்டுக் கட்டிலுக்குத்தான் போவாள். எல்லாத் தேவையும் பச்சையில் இருந்து, செய்வதற்கு நாலு வேலை சம தூரத்தில் கிடந்தால்தான் ஒருத்தி சுபாவம் தெரியும். நீங்கள் இடைவிடாமல் வேலை சொன்னால் அவள் சுயமாகத் தேர்ந்தெடுக்க நேரமே இல்லை.

சோதித்துப் பாருங்கள். புது மனையில் சின்ன வீடு. இரண்டே பேர், இரண்டு குணம் ஒரே மாதிரி, ஒன்று மட்டும் வேறு: ஒருத்திக்கு நீட், இன்னொருத்திக்கு ஸ்லாப் (சுத்தம் பார்க்காதவள்). சுவர் மொட்டை. வேலைக்காரி கிடையாது. சாப்பாட்டு மேசை, புத்தக அலமாரி, டிவி, அடுக்களைத் தொட்டி எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். தேவைகளை நிரப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். எட்டுப் பேர் வீட்டில் ஆச்சி துடைக்கப் போகுமுன் வேறொருத்தர் துடைத்துவிடுவார், வித்தியாசம் தெரியாது.

என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், குண விஷயத்தில் சிம்ஸ் 3-தான் (2009) ராஜா. வளர்ந்தவருக்கு ஐந்து குணம். நியூராட்டிக் (எதற்கும் பதறுகிற) ஆள் அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவான். மறதிக்காரன் பாதி வேலையில் எதற்கு வந்தோம் என்று நிற்பான். குணம் கையிலும் காலிலும் தெரிந்தது. 4-இல் மூன்று குணம், அதுவும் பெரும்பாலும் உணர்ச்சிக் குறியாகவே முடிந்துவிடுகிறது. முதல் இரண்டு பாகத்தில் இன்னொரு அழகு இருந்தது: சுத்தம், கலகலப்பு, சுறுசுறுப்பு, விளையாட்டுத்தனம், நல்ல மனசு என்று ஐந்து அளவுகோல், எல்லாவற்றுக்கும் சேர்த்து 25 புள்ளி. ஆச்சியைச் சுத்தத்தில் 10 ஆக்கினால் மீதி நாலுக்கும் 15-தான். ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைக் குறைக்கணும். இப்போது ஆம், இல்லை என்று முடிந்துவிட்டது, எவ்வளவு என்கிற கேள்வியே இல்லை.

காற்றாலை

அந்த எவ்வளவு என்கிறது வேண்டும் என்றால் வேற்றுக் கிரகத்தில் குடியிருப்பு நடத்துகிற ரிம்வேர்ல்ட் விளையாட்டை ஆடுங்கள். 2018-இல் முழுப் பதிப்பு வந்தது. ஆளுக்கு மூன்று குணம் வரை, பல குணம் எண்ணில். உழைப்பு என்று எடுத்தால் படு சோம்பேறிக்கு வேலை வேகம் 35 சதவீதம் குறைவு, சாதா சோம்பேறிக்கு 20 குறைவு, உழைப்பாளிக்கு 20 கூடுதல், பேருழைப்பாளிக்கு 35 கூடுதல்.

எனக்குப் பிடித்தது வெரி நியூராட்டிக். வேலை வேகம் 40 சதவீதம் கூடும், ஆனால் மனசு உடைகிற எல்லையும் 14 புள்ளி மேலே ஏறும். சாதாரண ஆளுக்கு மனநிலை 35-க்குக் கீழே போனால்தான் சின்ன உடைசல். இவனுக்கு 49. அதாவது மனநிலை 42-இல் இருக்கும்போது பக்கத்து ஆள் கல் உடைத்துக்கொண்டிருப்பான், இவன் அறையைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். 60-இல் வைத்திருந்தால் ரெண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது, இவன் கூடுதலாக உழைப்பதைத் தவிர. இரும்பு மனசுக்காரனுக்கு அதே எல்லை 18 இறங்கி 17-இல் நிற்கும். மேசை இல்லாமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாலே 3 புள்ளி போகும் (நம்ம ஊர்க் கல்யாணப் பந்திக்கெல்லாம் அது ஒத்துவராது).

பொறாமைக்காரன் இருந்தால் படுக்கையறை விஷயத்தில் கவனம். அடுத்தவன் அறை இவன் அறையை விட நன்றாக இருந்தால் வெந்து சாவான். பைரோமேனியாக்கை மட்டும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். தீ வைப்பான், எரிகிற தீயை அணைக்கவும் வர மாட்டான். எங்கள் பக்கம் ஆனி, ஆடிக் காற்று அடிக்கும்போது அவன் நினைப்புதான் வருகிறது.

மனநூல்

உளவியல் படிக்கிறேன், அதனால் மூக்கை நுழைக்கிறேன். சமாதானபுரத்துக்காரி சொன்ன நிஜ ஆச்சியையே பாருங்கள். விருந்தாளி வந்தால் உள்ளே போகிறாள். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் பக்கம் போனால்? அங்கே அவளுக்கு எத்தனை கூட்டாளியோ. 1968-இலேயே வால்டர் மிஷெல் என்கிற உளவியலாளர் இதைத்தான் கிளப்பினார்: குணத்தை அளந்து வைத்துக்கொண்டு ஒரு குறிப்பிட்ட நேரத்து நடத்தையைக் கணிக்கப் போனால், ஒட்டுறவு எண் (ரெண்டும் எவ்வளவு சேர்ந்து போகிறது என்கிற அளவு, முழுசாகப் பொருந்தினால் 1) பெரும்பாலும் 0.30-ஐத் தாண்டுவதில்லை. பெரிய சண்டை நடந்தது. பிற்பாடு அவரே இன்னொரு பக்கத்தையும் காட்டினார். "இப்படி நடந்தால் இவள் இப்படிச் செய்வாள்" என்கிற ஜோடிகள் ஒவ்வொருத்தருக்கும் நிலையாக இருக்கின்றன என்று.

அண்ணாச்சி 4-ஐக் குறைத்துப் பேசுகிறார். ஆனால் அவரே விளக்கிய லோனர் அப்படிப்பட்ட ஜோடிதானே? அறியாதவர் வந்தால் படபடப்பு, வீட்டாள் என்றால் இல்லை. 25 புள்ளி அளவுகோலில் "கலகலப்பு 2" என்று போட்டால் வீட்டாரிடமும் வெளியாரிடமும் ஒரே மாதிரி உம்மணாமூஞ்சிதான்.

ஜங்ஷன் அண்ணாச்சி

லோனரில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 4-இல் மற்ற குணம் எத்தனை அப்படி இருக்கிறது? க்ளூமி என்றால் காரணமே இல்லாமல் சோகம் வருகிறது. எதற்கு வந்தது என்று கேட்டால் குணத்தின் பெயரைக் காட்டுகிறது. அது சுபாவம் இல்லை தம்பி, அலாரம்.

மனநூல்

தம்பி இல்லை அண்ணாச்சி, தங்கச்சி 🙂

சேரன்மாதேவி 627414

ராஜ வம்சம் நடத்துகிற க்ரூசேடர் கிங்ஸ் 3 (2020) விளையாட்டை ஆடினவர் யாரும் இல்லையா? அதில் குணம் உங்கள் கையைக் கட்டாது. இரக்கக் குணம் உள்ள ராஜாவை வைத்துக்கொண்டு கைதியின் தலையைத் தாராளமாக வெட்டலாம். மன அழுத்தம் ஏறும், அவ்வளவுதான். அளவு தாண்டினால் ராஜா குடிக்க ஆரம்பித்துவிடுவான், அந்தக் குடியே அடுத்த குணமாக ஒட்டிக்கொள்ளும். கொடூரன் என்றால் அதே தலையை வெட்டினதும் அழுத்தம் இறங்கும். ஆடுகிறவரே அந்த ஆள் மாதிரி யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம், அதுதான் அதன் விசேஷம். என் ராஜா ஒருத்தன் கூச்ச சுபாவம். ஊர் கூட்டி விருந்து வைக்கணும் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சமாதானபுரத்துக்காரி

எல்லாருக்கும் நன்றி. ஓவியத்தை எல்லாம் கழற்றினேன், ஆட்களை அவர்கள் போக்கில் விட்டேன். பெரியப்பா சிவந்துவிட்டார்! அத்தையிடம் போய் அவராகவே கத்துகிறார், இரண்டு பேருக்கும் உறவுக் கோடு இறங்கிக்கொண்டே போகிறது. வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்ததும் ஆச்சிக்குப் படபடப்பு வந்தது. தட்டு மட்டும் இன்னும் குளியலறையில்தான்.

ஒன்று கேட்கணும். பெரியப்பாவின் கோபத்தைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டா? அத்தை பாவம்.

ஜங்ஷன் அண்ணாச்சி

ஒரே ஒரு ஓவியத்தை அவர் படுக்கையறையில் மட்டும் மாட்டுங்கள். ராத்திரி தணிந்து எழுவார், பட்டாசலுக்கு வந்ததும் பழையபடி ஏறும். குணத்தையே மாற்றணும் என்றால் திருப்திப் புள்ளி சேர்த்துக் குணம் மாற்றுகிற மருந்து வாங்கலாம், ஆனால் அப்புறம் அவர் உங்கள் பெரியப்பாவாக இருக்க மாட்டார். தட்டுக்கு: அடுக்களை மேடை நிறைந்து கிடக்கிறதா பாருங்கள். வைக்க இடம் இல்லாவிட்டால் தரையில்தான் வைப்பார்கள். மேடை மேல் உள்ள சாமானில் பாதியை எடுத்துவிடுங்கள்.

சமாதானபுரத்துக்காரி

மேடை முழுக்கப் பூச்சாடி அண்ணாச்சி 🙈. எடுத்துவிடுகிறேன். @காற்றாலை, ரிம்வேர்ல்ட் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்பில் ஓடுமா?

காற்றாலை

ஓடும், குறைந்தபட்சமாக அவர்கள் கேட்பதே 4 ஜிபிதான். ஆள் கூடக் கூட இழுக்க ஆரம்பிக்கும், அதனால் உலக வரைபடத்தைச் சின்னதாக வையுங்கள், எட்டுப் பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சித்தப்பா வீட்டாரையும் இதில் சேர்க்கலாம். சித்திக்கு மட்டும் பொறாமைக் குணம் கொடுத்துவிடாதீர்கள்.