பட்டாளத்துக்கு வழியனுப்பினவங்க அனுபவம் சொல்லுங்க

கோபி பக்கமிருந்து, ஒரு அக்கா:

எங்க ஊர்ல பட்டாளத்துக்குப் போனவங்க கம்மி. தம்பி சேர்ந்தப்பவே "திருப்பூர்ல பனியன் கம்பெனி இல்லியா, பவானியில ஜமக்காளத் தறி இல்லியா, அத்தன தூரம் எதுக்குப் போகோணும்?"னு கேட்டவங்கதான் அதிகம். வெலிங்டன்ல டிரெய்னிங்ல இருந்த வரைக்கும் எங்களுக்குப் பயமே வரல. மேட்டுப்பாளையம் போய் மலை ஏறினா ஆளைப் பார்த்துடலாம். லீவுல வந்திருந்தவனுக்கு லடாக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் ஊட்டுல யாருக்கும் சோறு இறங்கல.

டிக்கெட் கிடைச்சது செவ்வாய்க்கிழமை ராத்திரி, ஈரோட்டுல இருந்து கேரளா எக்ஸ்பிரஸ். செவ்வாய், புதன் வடக்கே சூலம். அவன் போறதோ நேர் வடக்கு. அப்பத்தா ஒரே பிடிவாதம். கடைசியில அவங்களே வழியும் சொன்னாங்க. திங்கட்கிழமை நல்ல நேரம் பார்த்து, வெள்ளை பெயிண்ட்ல நம்பர் எழுதின அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் பக்கத்து ஊட்டுத் திண்ணையில வெச்சாச்சு. பரஸ்தானம் பண்ணிட்டா பயணம் அன்னைக்கே கிளம்பின கணக்கு. அந்த ஊட்டு அத்தை ராத்திரி திண்ணையிலயே படுத்துப் பெட்டிக்குக் காவல் இருந்தாங்க. மறுநாள் சூலத்துக்குப் பரிகாரமா ஒரு டம்ளர் பால். தம்பி ஒரு வார்த்தை மறுத்துப் பேசல, நின்னபடியே குடிச்சான். இதையெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒதுக்க எனக்கு மனசு வரல. எண்பது தாண்டின கிழவிக்கு அவனுக்காகச் செய்ய ஒரு வேலை கிடைச்சுது. செஞ்ச பிறகுதான் அவங்களுக்கு அழுகை நின்னுச்சு.

கோபிக்கு ரயில் கிடையாது, கவுந்தப்பாடி, சித்தோடு வழியா கார்ல போனோம். வழியெல்லாம் அப்பா மோட்டார் ரிப்பேர், மஞ்சள் விலைன்னே பேசினார். வண்டி நகரும்போது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டுக் கூடவே நடந்தார். "விடுங்கப்பா, கை மாட்டிக்கும்"னு அவன்தான் விரலை எடுத்து விட்டான்.

உடுமலையிலிருந்து, ஒரு மனைவி:

அக்கா, உங்க அப்பா மாதிரிதான் எங்க மாமனாரும். எங்க ஊட்டுக்காரர் இப்ப அருணாச்சல் பக்கம். கோயமுத்தூர்ல திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் ஏத்திவிட்டோம். அழறதுக்கு நேரம் கிடைக்கும். அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியதைச் செஞ்சு வெச்சுக்குங்க.

பேங்க் ஜாயின்ட் அக்கவுண்ட், நாமினி பேரு, டிபெண்டன்ட் கார்டு எல்லாத்தையும் லீவு முடியறதுக்குள்ள சரிபார்க்கோணும். கடைசி நாள் ராத்திரி இந்தப் பேச்சை எடுத்தா சாப்பாடு இறங்காது. அன்னைக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டுப் பக்கத்துல உட்காருங்க, போதும். அப்புறம் சிம். நம்ம ஊர் பிரீபெய்டு சிம் காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டா மாத்திட்டு அனுப்புங்க. பார்சல் முகவரியில ஊர் பேரே இருக்காது. நம்பர், ரேங்க், பேரு, யூனிட், அதுக்குக் கீழ கேர் ஆஃப் 56 ஏபிஓ, அதாவது பட்டாளத்துத் தபாலாபீஸ் நம்பர். கிழக்குப் பக்கம் இருக்கறவங்களுக்கு 99 ஏபிஓ. அவரு எந்த மலையில இருக்கார்னு எனக்கே தெரியாது, ஆனா நான் போட்ட பார்சல் போய்ச் சேருது.

எம் பொண்ணுக்கு நாலு வயசு. "அப்பா ஆபீஸ் போயிருக்கார்"னு சொல்லச் சொன்னாங்க, நான் சொல்லல. பட்டாளத்துக்குப் போயிருக்கார், வர நாளாகும்னுதான் சொன்னேன். பொய் சொல்லியிருந்தா தினமும் பொழுதோட வாசல்லயே நின்னிருப்பா.

சென்னிமலை, ஓய்வுபெற்ற ஹவில்தார்:

அம்மிணி, முதல் வாரம் போன் வரலைன்னு பதறாதீங்க. விமானத்துல லடாக்ல இருக்கற லே ஊருக்குப் போய் இறங்கினதும் யாரையும் வேலைக்கு விடமாட்டாங்க. அது 11,000 அடிக்கு மேல, காத்துல ஆக்சிஜன் கம்மி. முதல் கட்டத்துல 6 நாள் உடம்பைப் பழக்கோணும். அதுக்கும் மேல ஏறினா இன்னொரு 4 நாள், அப்புறமும் ஒரு 4 நாள். அவசரப்பட்டு ஏறினா நுரையீரல்ல நீர் கோத்துக்கும், உயிருக்கே ஆபத்து. அதனால தம்பி சும்மா படுத்திருந்தா நல்லதுன்னு நினைச்சுக்குங்க.

போறவன் பக்கத்துல இருந்தும் ஒண்ணு சொல்றேனுங்க. எங்க அம்மா பிளாட்பாரத்துல அழுதது எனக்குப் பாரமா இருந்ததில்ல. அழாம, முகத்தைத் திருப்பிட்டு நின்ன வருசந்தான் நாக்பூர் தாண்டியும் எனக்குத் தூக்கம் வரல. அழுகை வந்தா அழுதுடுங்க.

பார்சல்ல தேங்காயெண்ணெய் வெக்காதீங்க, கல்லாயிடும். முறுக்கு, கச்சாயம் தூளாத்தான் போய்ச் சேரும். கொள்ளுப்பொடியோ பருப்புப்பொடியோ நல்லா வறுத்து இடிச்சு, ரெண்டு கவர் போட்டு அனுப்புங்க. அங்க தண்ணி சீக்கிரம் கொதிச்சுடும், ஆனா சோறு குக்கர்லதான் வேகும். சுடுசோத்துல அந்தப் பொடியைப் போட்டா தமிழ்ப் பசங்க மட்டுமில்ல, பங்கருல இருக்கற அத்தனை பேரும் தட்டை நீட்டுவாங்க. ஒரு கிலோவா அனுப்புங்க.