வாரத்தில் 4 நாள் பயணம், அறையில் கெட்டில் மட்டும்: என்ன சாப்பிடலாம்?

வேலைக்காக 3 மாதமாக வாரத்துக்கு 4 நாள் வெளியூரில்தான் இருக்கிறேன். பகலெல்லாம் பேருந்து, இரவில் விடுதி அறை. அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது, மின்சாரக் கெட்டில் ஒன்று இருக்கும். அவ்வளவுதான்.

இதற்குள் எடை 4 கிலோ ஏறிவிட்டது. மலச்சிக்கல் வேறு. இரவுச் சாப்பாடு 10 மணியைத் தாண்டினால் நெஞ்செரிச்சல். வீட்டில் இருக்கும் 3 நாளில் இரண்டும் தானாகச் சரியாகிவிடுகின்றன. வயது 41, சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை.

வீட்டிலிருந்து சமைத்து எடுத்துப் போனேன். சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் முதல் வேளையோடு அது முடிந்துவிடுகிறது. ஒருமுறை அவித்த முட்டையை மறுநாள் மதியம் வரை வைத்திருந்தேன், டப்பாவைத் திறந்ததும் வந்த வாடையில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்தே போய்விட்டார்! அப்புறம் பருப்பு, கொட்டை வகைகள். கெடாது, சரி. ஆனால் பையைப் பிரித்தால் காலியாகும் வரை என் கை நிற்காது. பழம் பரவாயில்லை, பசிதான் அடங்குவதில்லை. பேருந்தில் கழிப்பறை இல்லை என்று தண்ணீரையும் குறைத்துவிட்டேன், அது தப்பு என்று தெரிகிறது.

ஃப்ரிட்ஜ் இல்லாமல் 4 நாள் தாங்கி, வெந்நீர் மட்டும் ஊற்றித் தயாராகிற, புரதமும் நார்ச்சத்தும் உள்ள இரவு உணவாக நீங்கள் எதை எடுத்துப் போகிறீர்கள்?