'சொத்தைத்தூண்டல்' பொருந்துமா?

> எந்தச் சர்க்கரை பல்லை எவ்வளவு கெடுக்கும் என்பதைச் சுட்டும் 'கேரியோஜெனிசிட்டி'க்கு 'சொத்தைத்தூண்டல்' என்று வைக்கலாம். 'அசிடோஜெனிசிட்டி'க்கும் இதுவே போதும், இரண்டும் ஒன்றுதானே?

வணக்கம் ஐயா. இரண்டும் ஒன்றல்ல. 'அசிடோஜெனிசிட்டி' என்பது சர்க்கரை எவ்வளவு அமிலமாக மாறும் என்பதை மட்டும் சுட்டுவது. குளுக்கோஸ், பிரக்டோஸ், மால்டோஸ், சுக்ரோஸ் (நாம் காப்பியில் போடும் வெள்ளைச் சர்க்கரை) எதைக் கொடுத்தாலும் பல்மேல் படிந்த படலத்து நுண்ணுயிரிகள் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஎச் (அமிலம் கூடக்கூடக் குறையும் அளவு) 5.5க்குக் கீழே போகும்; பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். இதுவரை நான்குக்கும் பெரிய வேறுபாடில்லை.

சுக்ரோஸ் இதற்கு மேலும் ஒன்று செய்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வாய் நுண்ணுயிரி வெளியிடும் ஒரு நொதி சுக்ரோஸை உடைத்து, குளுக்கோஸ் பகுதிகளை மட்டும் சரம்போல் கோத்து, நீரில் கரையாத பிசினாக்குகிறது. அதுதான் குளுக்கான். சுக்ரோஸில் குளுக்கோஸையும் பிரக்டோஸையும் இணைக்கும் பிணைப்பு உடையும்போது வரும் ஆற்றலே கோப்பதற்குப் போதும். தனிக் குளுக்கோஸில் அந்தப் பிணைப்பு இல்லை. ஆகவே பிசினும் இல்லை. பிசின் சேரச்சேரப் படலம் தடித்துப் பல்லைப் பற்றிக்கொள்ளும், உமிழ்நீர் அடிவரை போய்ச் சேராது. 1972இல் பின்லாந்தின் துர்க்கு நகரில் தொடங்கிய ஆய்விலும் சுக்ரோஸ் உண்டவர்களைவிடப் பிரக்டோஸ் உண்டவர்களுக்குச் சொத்தை குறைவு. சைலிட்டால் என்ற மாற்று இனிப்பை உண்டவர்களுக்கு மிகமிகக் குறைவு.

அதனால் இரு சொற்கள் வேண்டும்: 'அமிலமாக்கு திறன்', 'சொத்தையாக்கு திறன்'. 'தூண்டல்' வேண்டாம். சர்க்கரை நுண்ணுயிரிக்கு இரை; தூண்டிவிட்டு விலகிப்போகும் பொருளன்று.

> அப்படியானால் சொத்தையை ஆக்குவது நுண்ணுயிரிதானே? சர்க்கரைக்கு 'ஆக்கு' எப்படிப் பொருந்தும்? 'பற்சிதைவுத் திறன்' எனலாமே.

நல்ல கேள்வி. 'சொத்தையாக்கி' என்ற பெயரை நுண்ணுயிரிக்கே விட்டுவிடுவோம். உணவுக்கு எப்போதும் 'திறன்' சேர்த்தே எழுதுவோம். நுண்ணுயிரி இருந்தால்தான் அது வெளிப்படும் என்பது அந்தச் சொல்லில் அடங்கிவிடும்.

'சிதைவு' எனக்கு உடன்பாடில்லை. எலுமிச்சைச் சாறு நுண்ணுயிரியின் துணையில்லாமலே எனாமலைக் கரைக்கும். அது அரிமானம். 'சிதைவு' என்றால் இரண்டும் கலந்துபோகும். 'சொத்தை' எல்லோர் வாயிலும் புழங்கும் சொல், குழப்பமில்லை.

எதிர்ச்சொற்களும் எளிதாக வருகின்றன. சைலிட்டாலை மியூட்டன்ஸால் அமிலமாக்க முடியாது. அது 'சொத்தையாக்கா இனிப்பு'. புளூரைடு கரைந்த தாதுக்களை மீண்டும் படியச் செய்வதால் 'சொத்தைத்தடுப்பி'. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது: கெடுக்காதது வேறு, காப்பது வேறு. சார்பிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பை எங்கே வைப்பது என்றால், நுண்ணுயிரிகள் அதை மெதுவாகவேனும் புளிக்கவைக்கும் என்பதால் 'குறை அமிலமாக்கு' என்று எழுதலாம்.

வரையறையில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: 'சொத்தையாக்கு திறன்' பொருளின் இயல்பை மட்டும் சொல்கிறது. ஒரே அளவுச் சர்க்கரையைச் சாப்பாட்டோடு ஒருமுறை உண்பதும், ஒட்டும் மிட்டாயாக நாள்முழுதும் சுவைப்பதும் ஒன்றல்ல. எத்தனை முறை உண்கிறோம் என்பதற்கு 'உட்கொள் அடுக்கம்' என்று தனிச்சொல் தருகிறேன், பொருந்தாவிட்டால் மாற்றுங்கள்.