மறு: வாட் மாற்றும் வேப் கருவிக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கிய நண்பர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். வேப், அதாவது நிக்கோட்டின் திரவத்தை மின்சாரத்தால் சூடாக்கி இழுக்கும் கருவி, ஒன்றின் பயனர் கையேட்டைத் தமிழாக்கும்போது 'வேரியபிள் வாட்டேஜ்' (எத்தனை வாட் திறன் என்பதைப் பயனரே வைப்பது) என்பதை எப்படி எழுதுவது என்பது ஒன்று. சிகரெட்டை விட முயலும் தம் மைத்துனருக்கு, கையைக் கடிக்காத விலையில், நம்பி வாங்கக்கூடிய அப்படியொரு கருவியை எப்படிப் பார்த்து எடுப்பது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குச் சொற்கள் குவிந்துவிட்டன. இரண்டாவதை யாரும் தொடவில்லை. எனக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்த கேள்விகளாகவே படுகின்றன. பெயர் சரியாக அமைந்தால், வாங்குகிறவர் எதைத் தேட வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கும்.

அதற்கு முன் ஒன்று. சிகரெட் பழக்கம் இல்லாதவர் இந்தக் கருவி பக்கமே போக வேண்டாம். இதில் இருப்பதும் நிக்கோட்டின்தான், பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. சில நாடுகளில் விற்பனையும் இறக்குமதியுமே தடை என்பதால் இருக்கும் நாட்டின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைத்துனர் மருத்துவரிடம் பேசி, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மெல்லும் நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றையும் கேட்டுப் பார்ப்பது நல்லது. இனி சொல்லுக்கு வருகிறேன்.

> மாறுதிறன் கருவி எனலாமே. மாறுதிசை மின்னோட்டம் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான். ஆனால் அந்த வினைத்தொகையைப் பிரித்துப் பாருங்கள், ஐயா. மாறுதிசை என்றால் திசை தானே மாறுகிறது. மாறுதிறன் என்றால் திறன் தானே மாறும் என்றுதான் பொருள் வரும். இந்தக் கருவி செய்வது அதற்கு நேர் எதிர். நாம் 20 வாட் என்று வைத்தால், மின்கலம் இறங்கினாலும், திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருளை மாற்றினாலும் 20 வாட்டிலேயே நிற்கப் பார்ப்பதுதான் இதன் வேலை.

தானாக மாறும் திறன் எங்கே இருக்கிறது தெரியுமா? திறனைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சில்லே இல்லாத கருவியில். முழுதாக ஏற்றிய லித்தியம் மின்கலம் 4.2 வோல்ட் தரும். இறங்க இறங்க 3.5க்கு வரும். 0.5 ஓம் சுருளை அதில் நேரே மாட்டினால், மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுக்கிற பள்ளிக்கூடக் கணக்குப்படி, தொடக்கத்தில் 35 வாட், பிறகு 24.5 வாட். காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி. மாறுதிறன் என்ற பெயர் பொருந்துவது இதற்குத்தான். நாம் வாங்க வேண்டாம் என்று சொல்லப்போகும் பொருளுக்கு நாமே அந்தப் பெயரைக் கொடுத்து விற்றுவிடக் கூடாது.

> அப்படியானால் பிறவினையாக, மாற்றுத்திறன்?

இலக்கணம் சரி. ஆனால் மாற்றுத்திறனாளி என்ற சொல் இன்று எல்லார் வாயிலும் ஊன்றிவிட்டது. மதிப்போடு உருவாக்கிய சொல் அது. அதன் மேல் இன்னொரு பொருளை ஏற்ற வேண்டாம்.

> திறன்மாற்றி? நிலைத்திறன்?

மின்மாற்றி தெருமுனையில் நிற்பது. திறன்மாற்றி என்றால் அதன் தம்பி என்றுதான் யாரும் நினைப்பார்கள். நிலைத்திறன் எனக்கும் பிடித்தது, ஆனால் நிலையாற்றல் என்று இயற்பியலில் வேறொன்று இருக்கிறதே. திறனுக்கும் ஆற்றலுக்கும் வேறுபாடு காட்டவே மாணவர்களோடு மல்லுக்கட்டுகிறோம், இன்னொரு குழப்பம் எதற்கு?

என் பரிந்துரை, சீர்திறன். சீரான திறன், சீராக்கிய திறன், இரண்டுமே அதில் அடங்கும். 'பயனர் தாமே அளவை வைக்கலாம் என்பது இதில் வரவில்லையே' என்று கேட்பீர்கள். வரவில்லைதான். அதைக் கருவியின் பெயரில் திணிக்கத் தேவையில்லை. பயன்படுத்துகிறவர்கள் ஏற்கெனவே 'வாட்டைக் கூட்டு', 'குறைச்சு வை', '15ல வச்சிருக்கேன்' என்றுதான் பேசுகிறார்கள். கையேட்டிலும் 'வாட்டைக் கூட்ட வலப்பக்கப் பொத்தானை அழுத்தவும்' என்று எழுதினால் போதும். வாட், வோல்ட், ஓம் மூன்றும் ஆட்களின் பெயரிலிருந்து வந்த அலகுகள், அவை அப்படியே இருக்கட்டும்.

ஆக, மூன்று வகைக்கு மூன்று பெயர்: சில்லே இல்லாதது நேரடிக் கருவி. திருகினால் மின்னழுத்தம் மட்டும் மாறுவது மின்னழுத்தம் மாற்றும் கருவி. சுருளின் தடையை அளந்து, கேட்ட வாட்டுக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தானே கணக்கிட்டுக் கொடுப்பது சீர்திறன் கருவி.

நடுவில் இருப்பதையும் கடைசியில் இருப்பதையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டையுமே 'அட்ஜஸ்ட் பண்ணலாம்' என்றுதான் விற்பார்கள். திருகை 4 வோல்ட்டில் வைத்து 1.2 ஓம் சுருளை மாட்டினால் 13 வாட் வரும். திருகைத் தொடாமல் 0.5 ஓம் சுருளை மாட்டினால் 32 வாட். பழைய இடத்திலேயே இருக்கிறதே என்று நம்பி இழுத்தால் தொண்டை காந்தும். சீர்திறன் கருவியில் 13 என்று வைத்தால், எந்தச் சுருளானாலும் 13தான்.

> சரி, விலை குறைவானதில் இதெல்லாம் உண்மையிலேயே இருக்குமா? மைத்துனரிடம் எதைப் பார்க்கச் சொல்வது?

நியாயமான கேள்வி. சீர்திறன் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதலாவது, மின்னழுத்தத்தை ஏற்றும் சுற்று. 1.2 ஓம் சுருளுக்கு 20 வாட் கொடுக்க 4.9 வோல்ட் வேண்டும். ஒற்றை மின்கலம் உச்சத்திலேயே 4.2தான் தரும். மிச்சத்தைச் சில்லுதான் ஏற்றித் தர வேண்டும். மலிவுக் கருவிகள் பலவற்றில் இறக்கும் சுற்று மட்டும் இருக்கும். அப்போது திரையில் 20 என்று எண் நிற்கும், சுருளுக்குப் போவது 15 வாட்கூட இராது. விவரக் குறிப்பில் வெளியீட்டு மின்னழுத்தத்தின் மேல் வரம்பைத் தேடச் சொல்லுங்கள். 4.2க்கு மேல் ஓர் எண் இருந்தால் ஏற்றும் சுற்று இருக்கிறது. அந்த வரியே இல்லாவிட்டால் சந்தேகப்படலாம். ஏற்றும் சுற்றுக்கு 'ஏற்றுச்சுற்று', இறக்குவதற்கு 'இறக்குச்சுற்று' என்று கையேட்டில் எழுதலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, வாட் பெருமை. ஒற்றை 18650 மின்கலம் போட்ட கருவியில் 80 வாட் என்று அச்சடித்திருப்பார்கள். 18650 என்ற எண்ணே மின்கலத்தின் அளவுதான்: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம். நல்ல மின்கலங்களில் தொடர்ந்து எடுக்கக்கூடிய மின்னோட்டம் பெரும்பாலும் 20 ஆம்பியர் அளவில் இருக்கும். சார்ஜ் குறைந்து, இழுக்கும்போது 3.2 வோல்ட்டுக்கு விழுந்திருக்கிறது என்று வையுங்கள். சில்லில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 20 ஆம்பியரில் சுருளுக்குக் கிடைப்பது 58 வாட்டுக்குள்தான். 80 கேட்டால் மின்கலத்திலிருந்து 28 ஆம்பியர் போக வேண்டும். வரம்பை மீறினால் மின்கலம் சூடாகும். லித்தியம் மின்கலம் அளவு மீறிச் சூடாவது விளையாட்டு விஷயம் இல்லை.

இங்கே இன்னொரு தவறான எண்ணமும் உலவுகிறது. சுருளின் தடை குறைந்தால்தான் மின்கலத்துக்கு ஆபத்து என்பார்கள். நேரடிக் கருவியில் அது சரி. சீர்திறன் கருவியில் மின்கலத்தின் சுமையைத் தீர்மானிப்பது வைத்த வாட்டும் மின்கலத்தின் அப்போதைய மின்னழுத்தமும்தான். இறங்கிய மின்கலத்தில்தான் மின்னோட்டம் அதிகம் போகும்.

மைத்துனருக்கு 80 வாட் தேவையே இல்லை. சிகரெட் பிடிப்பதைப் போல வாயில் இழுத்து, பிறகு நுரையீரலுக்கு விடும் பழக்கத்துக்கு 0.8 அல்லது 1 ஓம் சுருளும் 10 முதல் 18 வாட்டும் தாராளம். வாட்டை ஏற்ற ஏற்றத் திரவம் வேகமாகக் காலியாகும், நிக்கோட்டினும் கூடுதலாக உள்ளே போகும். காசு மிச்சமாவது இந்த இடத்தில்தான். பெரிய வாட், வண்ணத்திரை, மின்னும் விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அந்தக் காசைச் சில்லுக்கும் மின்கலத்துக்கும் போடச் சொல்லுங்கள்.

மின்கலம் உள்ளேயே பொருத்தியதா, கழற்றி மாட்டுவதா என்பதில் எனக்கு ஒரு சாய்வு உண்டு. புதியவருக்கு உள்ளே பொருத்தியதுதான். மின்கலத்தின் ஆயுள் முடிந்தால் கருவியும் முடிந்தது என்ற குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மின்கலத்தைத் தனியாகக் கையில் எடுக்கும்போது பல விபத்துகளுக்கு வழி பிறக்கிறது. சட்டைப்பையில் சாவியோடு போடுவார்கள், இரண்டு முனையும் சாவியில் பட்டுக் குறுக்குச்சுற்றாகும் (ஷார்ட் சர்க்யூட்). நெகிழி மேலுறை கிழிந்ததை 'இன்னும் ஓடுதே' என்று பயன்படுத்துவார்கள். 18650யின் மேலுறைக்கு அடியில் இருப்பது எதிர்முனைதான். நேர்முனையைச் சுற்றியிருக்கும் விளிம்பும் அதுவே. மேல்பக்கத்தில் ஓர் அரிசியளவு உரிந்திருந்தாலும் போதும், இரண்டு முனையும் தொட்டுக்கொள்ள. கழற்றும் வகையே வாங்குவதானால், மின்கலத்துக்குத் தனிப் பெட்டி, தனிச் சார்ஜர், நம்பகமான விற்பனையாளர் மூன்றும் அவசியம். வேறு உறை மாட்டி ஆம்பியரைக் கூட்டி அச்சடித்த மின்கலங்கள் சந்தையில் நிறைய உலவுகின்றன.

> காயில், விக் இதற்கெல்லாம் சொல் உண்டா? வறண்ட இழுப்பு என்கிறார்களே?

விக்குக்குத் திரி இருக்கும்போது வேறு என்ன வேண்டும்? விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போலத்தான் இதுவும் திரவத்தை உறிஞ்சிச் சுருளுக்குக் கொடுக்கிறது. காயில் சுருள், டாங்க் தொட்டி. வறண்ட இழுப்பை நான் 'வறட்டு இழுப்பு' என்பேன். திரி உறிஞ்சித் தரும் வேகத்தை விடச் சுருள் வேகமாக ஆவியாக்கினால் திரி காய்ந்து கருகும். அந்தக் கருகல் வாடை வெறும் சுவைக்கேடு இல்லை. திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் மிகையாகச் சூடாகிச் சிதைந்தால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் உண்டாகும். புதுச் சுருள் மாட்டினால் திரி நன்றாக ஊறச் சில நிமிடம் விட்டு, சுருளில் அச்சிட்ட வாட் வரம்பின் கீழ்முனையிலிருந்து தொடங்க வேண்டும். கருகல் வாடை வந்தால் இன்னொரு இழுப்பு இழுத்துப் பார்க்கவே கூடாது.

சுருள் தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள். 510 எனப்படும் பொதுவான திருகிணைப்பு இருந்தால் வேறு நிறுவனத்தின் தொட்டியையும் மாட்டலாம், பழைய சுருள் நின்றுபோனாலும் கருவி வீணாகாது. அப்புறம், குறுக்குச்சுற்றுத் தடுப்பு, மின்கலம் இறங்கினால் நிறுத்துவது, சூடேறினால் நிறுத்துவது, பத்து நொடிக்கு மேல் அழுத்தியே இருந்தால் நிறுத்துவது ஆகிய நான்கும் இல்லாத கருவியை விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்க வேண்டாம். வெப்பநிலைக் கட்டுப்பாடு இருந்தால் இருக்கட்டும், அதற்கென்று கூடுதல் காசு வேண்டாம். நிக்கல், துருப்பிடிக்காத எஃகு போன்ற கம்பிகளில்தான் அது வேலை செய்யும். சூடேறும்போது தடை கூடுவதை வைத்துத்தான் சில்லு வெப்பத்தை ஊகிக்கிறது. காந்தல் (Kanthal) என்ற இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவைக் கம்பியில் தடை ஏறக்குறைய மாறுவதே இல்லை.

> 'வேப்' என்பதற்கே ஆவி என்று போட்டுவிடலாமா?

இதில் தயங்குகிறேன். வெளியே வருவது முழுக்க ஆவி அல்ல, ஆவியாகிக் குளிர்ந்த மிக நுண்ணிய திரவத் துளிகள் காற்றில் மிதப்பது. ஆவி என்று எழுதினால், வெந்நீரில் ஆவி பிடிப்பதைப் போலத் தீங்கற்றது என்று படிப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும். அந்த எண்ணத்தை நம் சொல்லே விதைக்கக் கூடாது. 'நுண்துளிப்படலம்' என்று எழுதிப் பார்த்தேன். பொருள் சரியாக இருக்கிறது, வாயில்தான் எளிதில் வரவில்லை. குழுவில் நுரையீரல் மருத்துவத்திலும் காற்று மாசுத் துறையிலும் இருப்பவர்கள் தங்கள் வேலையில் என்ன சொல் எழுதுகிறார்கள் என்று சொல்லுங்கள். அதுவரை கையேட்டில் 'வேப்' அப்படியே இருக்கட்டும்.