அம்மா வீட்டு ரெக்கார்டிங் பெட்டிக்கு மாற்று: ஆலோசனை தேவை

அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் அம்மா வீட்டுக் கட்டண டிவியை நிறுத்தப் போகிறேன். மாதக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை. பேய் மழை பெய்தால் கூரையிலுள்ள டிஷ் சட்டியில் சிக்னலும் போய்விடுகிறது.

ஆனால் அந்தப் பெட்டியில் ரெக்கார்டிங் இருக்கிறதே, அதுதான் அம்மாவுக்கு உயிர். கோயிலுக்குப் போகும் நாளில் அரசாங்க அலைவரிசையான டிவி2-இன் தமிழ்ச் செய்தியைப் பதிந்து வைத்து, வந்து நிதானமாகப் பார்ப்பார். அந்தப் பழக்கத்தை மட்டும் நான் கெடுக்க விரும்பவில்லை.

படம், நாடகத்துக்கு டிவியில் செருகி வைஃபையில் ஓடும் ஸ்டிக் போதும். மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் டிவி அலைவரிசைகளுக்குக் கூரையில் யுஎச்எஃப் ஏரியல் (ஆன்டெனா) போடலாம். 2019-இல் அனலாக் ஒளிபரப்பு நின்றதிலிருந்து பழைய ஏரியல் சும்மா நிற்கிறது. அதன் வயர் இற்றுப்போனதால் புது ஆர்ஜி6 வயர் (ஆன்டெனா கேபிள்) இழுப்பேன்.

குழப்பம் இங்கேதான். டிவியிலேயே இந்த டிஜிட்டல் அலைவரிசைகளைப் பிடிக்கும் டிவிபி-டி2 டியூனர் உண்டு, ஆனால் அதில் பதிய முடியாது. பென்டிரைவில் பதியும் தனிப் பெட்டி வாங்கினால், ஒரே டியூனர் என்பதால் ஒன்றைப் பதியும்போது அந்தப் பெட்டியில் வேறொன்றைப் பெரும்பாலும் பார்க்க முடியாது. சரி, ஏரியல் வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் போட்டு, பெட்டியில் பதிந்து டிவியில் பார்க்கலாம் என்றால், சிக்னல் பாதியாகப் பிரிந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் உயரமான செம்பனை மரங்கள் வேறு.

தோட்டப் பக்கம் இப்படிப் பொருத்தியவர்கள் சொல்லுங்கள்: சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் கட்டாயம் தேவையா? ஏரியல் கம்பத்தை உயர்த்தினாலே போதுமா? அப்புறம், நேரம் குறித்து வைத்தால் தவறாமல் பதியும் பெட்டி எது? அம்மாவுக்கு ரிமோட் எளிதாக இருக்க வேண்டும்.